கோழி தும்மிய பௌர்ணமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே சில வருஷங்களை ஓட்டிவிட்டேன். பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும். தீவன வண்டி வந்துவிடும், இல்லையென்றால் பிரதோஷம் வந்துவிடும். உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் நாலு பேர் என்னை நல்ல பக்திமான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், பௌர்ணமி தவறாத கிரிவலம். விஷயம் முழுசாக வெளியே தெரிந்தால் அந்த நாலு பேரில் மூன்று பேராவது கழன்றுகொள்வார்கள் என்று பயம். என் மனைவி அந்த நாலு பேரில் இல்லை. அவளுக்கு எல்லாம் முதலிலேயே தெரியும்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு தாளையும் மனைவி படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். "நான் சொன்னத எல்லாம் நீங்க சொன்னதா எழுதிடாதீங்க" என்பது மட்டும்தான் அவள் போட்ட கண்டிஷன்.

நான் சுத்த சைவம். எங்கள் வீட்டுக்குள் முட்டை கூட நுழையாது. பிழைப்பு கறிக்கோழி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், நான் காத்திருக்கிறேன்.

கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையைத் தாண்டி மேற்கே உள்ளடங்கின ஊர் எங்களுடையது. கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தோம். போர்வெல்லில் தண்ணீர் கம்மியாகிப் போன சமயத்தில் கோழிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நீங்கள் கொட்டகை போடுங்கள், குஞ்சும் தீவனமும் மருந்தும் நாங்கள் கொடுக்கிறோம், வளர்த்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். அந்த 'வளர்த்துக் கொடுத்தால் போதும்' என்ற வார்த்தையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வளர்ப்பதில் என்ன பாவம்? மாட்டை வளர்க்கிறோம், பிள்ளையை வளர்க்கிறோம். அறுப்பது எங்கேயோ, யாரோ செய்வது. வளர்ந்த கோழியை ஏற்றிப்போக லாரி வருகிற நாளில் எனக்குக் கோயிலில் கண்டிப்பாக ஏதாவது வேலை இருக்கும். கூண்டு கூண்டாகப் பிடித்து ஏற்றிவிடுவது மனைவிதான். லாரி போன பிறகு பிரசாதத்தோடு வந்து சேருவேன். "வந்துட்டீங்களா? இப்ப உள்ள யாரும் இல்ல, தைரியமா வாங்க" என்பாள்.

இரண்டு கொட்டகைகள். ரோட்டுப் பக்கம் இருப்பது முன் கொட்டகை, புளியமரத்துப் பக்கம் இருப்பது பின் கொட்டகை. இரண்டிலும் ஸ்பீக்கர் மாட்டியிருந்தேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை சிவன் பாட்டு ஓடும். எப்படியும் போகப்போகிற ஜீவன், காதில் நாலு தடவை ஈசன் பேர் விழுந்துவிட்டுப் போகட்டும் என்று என் எண்ணம். காலையும் மாலையும் சாம்பிராணி. உள்ளே போகும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போவேன்.

கம்பெனியில் கோழிகளைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வருவார். வயது என் மகளைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும். முதல் தடவை வந்தபோது என் காலைப் பார்த்தார்.

"செருப்ப ஏன் கழட்டிட்டீங்க ஐயா?"

"வெளிய சுத்துன செருப்போட உள்ள வரக்கூடாதுன்னு கம்பெனி சூப்பர்வைசர் சொன்னாருங்க."

"வெளிய சுத்துன கால் மட்டும் வரலாமா? உள்ளயே தனியா ஒரு ஜோடி வெச்சுக்கங்க. மருந்துத் தண்ணில முக்கி எடுத்துட்டுப் போடுங்க. இது கோயில் இல்லீங்க."

அடுத்து ஸ்பீக்கரைப் பார்த்தார். அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். சொன்னார்.

"தினம் சாயங்காலம் பாட்ட நிறுத்திட்டு, ஃபேனயும் நிறுத்திட்டு, ஓரமா சும்மா நில்லுங்க. முதல்ல உங்களப் பாத்து கத்தும். கொஞ்ச நேரத்துல உங்கள மறந்துடும். அதுக்கப்புறம் காது குடுத்துக் கேளுங்க. தும்மல் கேட்டாலோ, கரகரன்னு மூச்சு கேட்டாலோ அன்னைக்கே எனக்கு போன் பண்ணுங்க. தீனி எடுக்காம நிக்கறது, தலைய தொங்கப் போடறது, பச்சையா கழியறது எல்லாம் பின்னாடி வர்றது. அப்ப கூப்பிட்டீங்கன்னா நான் வந்து செத்தத எண்ணிட்டுத்தான் போகணும்."

"சரிங்க மேடம்" என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன். அவர் வண்டி ரோட்டில் திரும்பியதும் ஸ்பீக்கர் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். ஈசன் பாட்டை நிறுத்திவிட்டுக் கோழி தும்முவதைக் கேட்க வேண்டுமாம்.

இத்தனைக்கும் நாங்கள் அடிபட்டவர்கள். அதற்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் நோய் வந்து ஒரு கொட்டகை முழுக்கக் காலியானது. காலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தது, மறுநாள் கால் வைக்க இடமில்லை. பின்னால் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். சூப்பர்வைசர் வந்து நின்று, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கம்பெனி உங்களுக்குக் குஞ்சு இறக்காது அண்ணே. என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது, நாங்கள் இங்கே சாப்பிடுவது, எல்லாம் அந்த இரண்டு கொட்டகையிலிருந்துதான்.

அவ்வளவு பட்டும் டாக்டர் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வருஷம் கொட்டகையில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கவில்லை, அதனால்தான் நோய் வந்தது. இது என் ஆராய்ச்சி.

இப்போது அந்தப் பௌர்ணமிக்கு வருகிறேன்.

அன்றைக்கு எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. ஏதோ லைன் வேலை, சாயங்காலம்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, பட்டையாக நீறு பூசி, கிரிவலத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றேன். மனைவி முன் கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவள் வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

"நான் குளிச்சிட்டேன்."

"குளிச்ச காதாலயே கேளுங்க. வாங்க."

போனேன். பாட்டு இல்லாத கொட்டகை எனக்கே புதிதாக இருந்தது. கோழிகள் என் வேட்டியைப் பார்த்து ஒரு சுற்றுக் கத்தின. நாங்கள் அசையாமல் நின்றோம். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. தரையில் மெத்தையாகப் பரப்பின தேங்காய் மஞ்சியைக் காலால் கீறுகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் 'ப்சிக்' என்று ஒன்று. சின்னக் குழந்தைக்கு மூக்கில் பஞ்சு போனால் வருமே, அந்த மாதிரி. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வேறொரு பக்கம் ஒன்று. அப்புறம் தண்ணீர்க் குழாய் ஓரமாக மூன்று நாலு சேர்ந்தாற்போல.

"சாம்பிராணி" என்றேன்.

"இன்னைக்கு சாம்பிராணியே போடல. புழுக்கமா இருக்கு வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

"நேத்து போட்டோம் இல்ல."

"நேத்து பொகைக்கு இன்னைக்குத் தும்முதா? நல்லா இருக்கு உங்க நியாயம்."

பின் கொட்டகைக்குள் போகப் பார்த்தேன். மனைவி கையை நீட்டி மறித்தாள். இங்கே மிதித்த காலோடு அங்கே போகக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கம்பி வலைக்கு வெளியே, புளியமரத்தடியில் எட்டி நின்று கேட்டோம். அங்கே தும்மல் இல்லை. நன்றாக நேரம் எடுத்துக் கேட்டோம். இல்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, முன் கொட்டகையில் மட்டும் தும்மல் என்று சொன்னேன்.

"எத்தனை செத்திருக்கு?" என்றார்.

"ஒண்ணு கூட இல்லீங்க மேடம்" என்றேன். ஏதோ பரிசு வாங்கப்போகிறவன் மாதிரி சொன்னேன்.

"நல்லது. தும்மல் நல்லா தெரியற மாதிரி மூணு கோழி புடிச்சு, அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, மேல துணி சுத்தி எடுத்துட்டு வாங்க. வேங்கிக்கால் பக்கம் நம்ம ஆய்வகத்துலதான் இருக்கேன். சாயங்காலம் மூடறதுக்குள்ள வந்துடுங்க. அறுத்துப் பாக்கணும்."

"உயிரோட இருக்கறதையா?"

"செத்தது இந்த வெயிலுக்குக் கெட்டுப் போயிடும், ஒண்ணும் தெரியாது. நோய் இப்பதான் புடிச்ச கோழிதான் சரியா காட்டிக் குடுக்கும்."

"மேடம், இன்னைக்குப் பௌர்ணமிங்க. நாளைக்குக் காலைல முதல் ஆளா வந்து நிக்கறேன்."



"உங்க இஷ்டங்க ஐயா. இன்னைக்குத் தும்மல். நாளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. இன்னும் நோய் பரவாத கொட்டகைக்கு இன்னைக்கே மருந்து குடுத்தா புடிச்சி நிறுத்தலாம். என்ன மருந்துன்னு முடிவு பண்ணத்தான் கோழி கேக்கறேன்."

போனை வைத்தேன். மனைவி இடுப்பில் கையை வைத்து நின்றிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் போனா அத்தனையும் லாரில ஏத்தப் போறோம். அதுங்க எங்க போவுது, காசிக்கா? அத்தனைக்கும் வராத பாவம் இந்த மூணுக்கு வந்துடுமா?"

"அது வேற. அத நான் கையால குடுக்கல."

"ஆமா. நான்தான் என் கையால குடுக்கறேன். எனக்கு பாவம் ஒட்டாது, தேய்ச்சிக் குளிச்சா போயிடும்."

பதில் இல்லாத நேரத்தில் நான் கும்பிடுவது வழக்கம். முன் கொட்டகை வாசலில் மலையைப் பார்த்து நின்று கையைக் கூப்பினேன். அடுத்து நான் வேண்டிக்கொண்டதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாமலையாரே, ஒரே ஒரு கோழி, நான் கை வைக்காமல், தானாகச் செத்துப்போகட்டும் என்று வேண்டினேன். செத்த உடனே சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் டாக்டருக்கும் உபயோகம், எனக்கும் பௌர்ணமி கெடாது. நோய் போக வேண்டும் என்று வேண்டத் தோன்றவில்லை. குழாய் ஓரத்தில் சோர்ந்து நின்ற ஒரு கோழியை அடையாளம் கூட வைத்துக்கொண்டேன். கடவுளுக்கு வேலை சுலபமாக இருக்கட்டும் என்று.

அந்தக் கோழி என்னைப் பார்த்தது. ஒரு தடவை தும்மியது. பிறகு தீவனத் தட்டுக்குப் போய் நன்றாகத் தின்றது.

"என்னா பண்றீங்க?"

"வேண்டிக்கறேன்."

"நோவு போவணும்னா?"

பௌர்ணமி அன்று பொய் சொல்ல முடியவில்லை. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சாவணும்னு" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது. தீவன மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"போன தடவ குழி மூடும்போது நீங்க கோயில்ல இருந்தீங்க" என்றாள். "நான்தான் நின்னு பாத்தேன். இன்னும் உயிர் போகாம ரெண்டு மூணு கெடந்துச்சு அதுல. இன்னொரு தடவ என்னால முடியாது. கம்பெனி குஞ்சு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி."

வேட்டியை மடித்துக் கட்டினேன். மூன்று கோழிகளையும் நானே பிடித்தேன். எனக்குப் பிடித்துப் பழக்கமில்லை. தும்மாத கோழிகளெல்லாம் கையில் மாட்டின, தும்முகிற கோழிகள் ஓடின. கடைசியில் அவள் ஓரமாக நின்று, "அது இல்ல, அதுக்கு அந்தாண்ட" என்று கை காட்ட, நான் மஞ்சியில் விழுந்து புரண்டு பிடித்தேன். வெள்ளை வேட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதை மாற்றிக்கொண்டு, கை காலை மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, பெட்டியை மொபெட்டில் கட்டிக் கிளம்பினேன்.

அடி அண்ணாமலை முக்கில் தடுப்புப் போட்டிருந்தார்கள். கிரிவலப் பாதையில் கூட்டம் தொடங்கியிருந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பௌர்ணமிக்கு வண்டி விடமாட்டோம்னு உள்ளூர்க்காரருக்குத் தெரியாதா?"

"கோழிக்கு உடம்பு சரியில்லீங்க சார். டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டி தும்மியது.

"சளியா?"

"ஆமாங்க சார்."

"வண்டிய ஓரமா போட்டுட்டு நடங்க. எல்லாரும் நடக்கறாங்க இல்ல."

சுற்றுவழியில் போனால் ஆய்வகம் மூடுவதற்குள் சேர முடியாது. மொபெட்டை ஒரு பெட்டிக்கடை பக்கத்தில் நிறுத்தினேன். கிரிவலப் பாதை என்றதும் காலே தானாகச் செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டது. பத்தடி நடந்த பிறகுதான் தார் சுட்டது. திரும்பிப் போக நேரமில்லை. வேங்கிக்காலுக்குப் போகிற திசையும் வலம் வருகிற திசையும் ஒன்றுதான். ஆகவே பக்தர்களோடு பக்தனாக, தோளில் கோழிப்பெட்டியோடு, மலையை வலப்பக்கம் வைத்து நடந்தேன்.

அத்தனை வருஷக் கிரிவலத்தில் இல்லாத கவனம் அன்றைக்கு இருந்தது. ரோட்டோரத்தில் எங்கே நாட்டுக்கோழி மேய்ந்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என் பெட்டியிலிருந்து அதற்கு ஒட்டிவிடக்கூடாது. நான் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் போவதைப் பார்த்து, பின்னால் வந்த குடும்பம் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருக்க வேண்டும். அதில் ஓர் அம்மாள், வெளியூர்க்காரர், கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாமி, பெட்டில என்னாங்க, பிரசாதமா?"

"இல்லம்மா."

ஓட்டை வழியாக ஒரு மூக்கு வெளியே வந்தது.

"கோழியா. பௌர்ணமி அதுவுமா, நெத்தில இத்தாம்பெரிய பட்டையப் போட்டுக்கிட்டு."

"சமைக்க இல்லம்மா."

"பின்ன?"

"அறுத்துப் பாக்க."

அவர் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக முன்னால் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று அந்த இடத்தில் முடிவு கட்டினேன். பாதையோரம் இருக்கிற குபேர லிங்கத்துக்கு முன்னால் கூட்டம் தேங்கி நின்றது. அங்கே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், முகம் தெரிந்தவர், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாண்ணே, கோழியத் தூக்கிக்கிட்டு மல சுத்தறீங்க? வேண்டுதலா?"

மறுபடியும் முதலிலிருந்து விளக்கத் தெம்பில்லை. கால் வெந்துகொண்டிருந்தது. தலையை ஆட்டினேன்.

"நோவு கண்டதுங்களா?"

அதற்கும் ஆட்டினேன். அவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் நிற்காமல் நடந்தேன். ஈசானிய லிங்கம் வந்ததும் கூட்டம் ஊர்ப் பக்கம் திரும்பியது. நான் மட்டும் பிரிந்து வேங்கிக்கால் ரோட்டில் ஏறினேன்.

ஆய்வகத்தில் டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். என் காலைப் பார்த்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். சுவரில் காலண்டர் தொங்கியது. காலண்டரில் அண்ணாமலையார். அந்தப் பக்கமும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"ஐயா, இங்க வாங்க. நீங்களும் பாக்கணும்."

பார்த்தேன். மூச்சுக்குழாயை நீளமாகப் பிளந்து வைத்திருந்தார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடுகள், மேலே பிசுபிசுவென்று சளி. குச்சியில் அந்தச் சளியைத் தொட்டு ஒரு சின்னக் கருவியில் விட்டார். காத்திருந்தோம். கோடு விழுந்தது.

"ராணிக்கெட்னு காட்டுது. வெள்ளைக்கழிச்சல்னு சொல்வீங்களே, அது. உறுதி பண்றதுக்குப் பெரிய ஆய்வகத்துக்கும் அனுப்பறேன், ஆனா அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. இங்க பாருங்க, இப்பதான் தொண்டைல இருக்கு. குடல்ல பெருசா ஒண்ணும் இல்ல. நல்ல நேரத்துல வந்தீங்க."

போன வருஷம் எங்கள் கொட்டகையைக் காலி செய்ததும் இதுதான்.

பின் கொட்டகைக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கத் தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். இப்போதிருந்தே அங்கே தண்ணீரை நிறுத்தச் சொல்லி மனைவிக்குப் போன் செய்தார். தாகம் எடுத்தால்தான் எல்லாக் கோழியும் சேர்ந்தாற்போல் குடிக்குமாம். மருந்துத் தண்ணீரில் பால் பவுடர் சேர்க்க வேண்டும், பிளீச்சிங் போட்ட தண்ணீர் கூடாது, வீட்டில் ஒருவர் முன் கொட்டகைக்கு மட்டும், இன்னொருவர் பின் கொட்டகைக்கு மட்டும், மாறிப் போகக்கூடாது. "முன் கொட்டகைக்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்" என்றார். கடைசியில் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு, "தண்ணில பால் பவுடர் தவிர வேற எதுவும் கலக்கக்கூடாது. எதுவும்னா, எதுவும்" என்றார்.

"ஒரு சிட்டிகை..."

"ஐயா."

"சரிங்க மேடம்."

அப்போதுதான் திரும்பி வந்த ஆய்வக வேனில் ஏற்றி, சுற்றுவழியாக என்னை ஊருக்கு அனுப்பினார். நான் பெட்டி தூக்கியவன் என்பதால் பின் கொட்டகைக்கு மனைவிதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். குளித்து உடை மாற்றி, மருந்தைக் கலந்து ஊற்றினாள். நான் வலைக்கு வெளியே நின்று பார்த்தேன். வெள்ளைத் தண்ணீரைக் கோழிகள் முட்டி மோதிக் குடித்தன.

அடுத்து வந்த நாட்கள் முன் கொட்டகை என் பொறுப்பு. தினம் காலையில் கதவைத் திறக்கும்போது எத்தனை என்று பயந்துகொண்டுதான் திறப்பேன். கோழிகள் தலையைத் திருப்பிக்கொண்டு சுற்றின. காலை இழுத்தன. செத்ததைக் கையால் எடுத்தேன், குழியில் போட்டேன், சுண்ணாம்பு தூவி மூடினேன். கோயிலில் வேலை வந்தது, போக வழியில்லை. நோய் உள்ள இடத்திலிருந்து வெளியே சுற்றக்கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. முன் கொட்டகையில் பாதிக்கு மேல் போய்விட்டது. பின் கொட்டகையில் சில தும்மின, கொஞ்சம் செத்தன, மற்றவை பிழைத்துக்கொண்டன. பெரிய ஆய்வகத்திலிருந்தும் அதே நோய்தான் என்று பதில் வந்தது. லாரி வந்தபோது பின் கொட்டகைக் கோழிகள் ஏறத்தாழ முழுசாக ஏறின. நானும் கூண்டு பிடித்தேன் என்று எழுத ஆசைதான். மனைவி இந்தத் தாளையும் படிப்பாள். கடைசி இரண்டு கூண்டுக்குத்தான் வந்து சேர்ந்தேன். "பெரிய மனசு" என்றாள்.

கொட்டகையைக் கழுவி, ஆறப்போட்டு வைத்தோம். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். டாக்டரம்மா என்ன சொல்லியிருந்தாரோ, கம்பெனி மறுபடியும் குஞ்சு இறக்கியது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சமீபத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவரும் கோழி வளர்த்தவர், என்னைப் போலவே நீறு பூசினவர். தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உங்களப் பத்திக் கேள்விப்பட்டு நானும் பண்ணேங்க. தும்மல் கேட்ட அன்னைக்கே மூணு கோழியப் பெட்டில போட்டு, வர்ற பௌர்ணமி வரைக்கும் பூஜை ரூம்ல வெச்சிருந்து, தலையில சுமந்து மலய முழுசா சுத்தனேன். எல்லா லிங்கத்துக்கும் கற்பூரம் ஏத்தனேன். கோழியத் திருப்பிக் கொண்டுபோய் கொட்டகைல விட்டேன். நீங்க பண்ண மாதிரியேதான் பண்ணேன்."

"அப்புறம்?"

"ரெண்டு கொட்டகையும் போயிடுச்சுங்க. கம்பெனியும் கை விட்டுட்டான். எதுல கொற வெச்சேன்னு தெரியல. அதான் உங்களையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். குபேர லிங்கத்துக்கு முன்னால் நான் ஆட்டிய தலை, ஊர் ஊராகப் போய், கை கால் முளைத்து, கோழிக் கிரிவலமாக அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆய்வகம் நடுவில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. அவருக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு கோழி சாக வேண்டும் என்று வேண்டியது உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தார். "மொதல்லயே இதச் சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன்.

அண்ணாமலையார்தான் எங்களைக் காப்பாற்றினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிக் காப்பாற்றினார் என்று கேட்டால் இதுவரை எழுதியதுதான் பதில், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. கோழி வளர்க்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம். நான் வேண்டியதை மறைக்க வேண்டாம், பாதிக்கு மேல் செத்ததை விடவும் வேண்டாம். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இருந்தபடியே கொடுங்கள். ரொம்ப நீளமாக இருக்கிறது, இவ்வளவும் சொல்ல முடியாது என்றால் இதை மட்டுமாவது மாற்றாமல் சொல்லுங்கள். அந்தப் பெட்டி போனது ஆய்வகத்துக்கு. மலை வழியில் இருந்தது.